பெட்டி தரையைத் தொடும்போது

கிளைப்பேடா துறைமுகத்தில்
ஆறாம் எண் கிரேனின் கூண்டு
கடலுக்கு மேல் நாற்பத்திரண்டு மீட்டர்.
போன வசந்தத்திலிருந்து லிஃப்ட் பழுது.
இருநூற்றுப் பதினோரு படி.
ஏறியவள் இறங்குவது
எட்டு மணி நேரம் கழித்துத்தான்.

யொலீட்டா பதினேழு வருஷம்
தண்ணீருக்கே தண்ணி காட்டியவள்.
காலையில் அரைக் கோப்பை காப்பி,
அதுவும் நாக்கு நனைய.
மற்ற கிரேன்களில் இருக்கும் ஆண்களுக்கு
ஒரு காலி பாட்டில் போதும்.
இவளிடம் இருந்தது
குடிக்காமல் இருக்கும் திறமை.
ஒட்டகம் என்றார்கள்.
ஒட்டகப் படம் ஒன்றைக் கூண்டுக்குள்
அவளே ஒட்டிக்கொண்டாள்.

நவம்பரில் கல் வந்தது.
கோதுமை மணியை விடச் சிறியது.
முப்பது டன் இரும்பை
முட்டை போல் இறக்கிவைக்கும் கை
ஆஸ்பத்திரிக் கட்டிலின் கம்பியை
வளைக்கப் பார்த்தது.

நாளைக்கு இரண்டரை லிட்டர், என்றார் மருத்துவர்,
ஏதோ தண்ணீர் பட்ட பாடு என்பதுபோல.
அவர் அறைக்கு எதிரே கழிப்பறை.
எட்டே எட்டு அடி.
யொலீட்டா எண்ணிவிட்டுத்தான் வந்தாள்.

கைப்பேசியில் அலாரம் வைத்தாள்.
அது அடிப்பதும் விரல் அணைப்பதும்
அவளுக்குத் தெரியாமலே நடந்தன.
கோடு போட்ட பாட்டில் வாங்கினாள்,
பத்து மணிக்கு இதுவரை,
பன்னிரண்டுக்கு இதுவரை.
நிறைந்து ஏறியது,
நிறைந்தே இறங்கியது,
துறைமுகத்தைச் சுற்றிப் பார்க்க வந்த
விருந்தாளியைப் போல.

ஒரு செவ்வாய்க்கிழமை. மூடுபனி.
பெட்டி தரையைத் தொட்டது. டக்.
கொக்கிகள் விடுபட்டனவா என்று
கீழே அல்கிஸ் சுற்றிவந்து கை காட்டும் வரை
அவளுக்குச் செய்ய ஒன்றுமில்லை.
ஏழு விநாடி.
பதினேழு வருஷமாக
அந்த ஏழு விநாடிகளில்
நகம் கடித்திருக்கிறாள்.

பாட்டிலை எடுத்தாள்.
ஒரு மிடறு.
இன்னொன்றுக்கு ஆசை வந்தது,
மூடிவிட்டாள்.
ஒன்றுதான் ஒப்பந்தம்.

டக். மிடறு.
டக். மிடறு.
மஞ்சள் பெட்டி, நீலப் பெட்டி,
உள்ளே என்னவென்று
யாருக்கும் தெரியாத துருப் பெட்டி.

குடித்த தண்ணீர் சும்மா இருக்குமா?
பதினோரு மணிக்கு வாக்கி-டாக்கியில் சொன்னாள்:
ஆறு பேசுகிறேன். இறங்குகிறேன்.
மறுமுனையில் வெறும் இரைச்சல்.
கோளாறா?
இல்லை.
அப்புறம்?
தண்ணீர் குடித்தேன்.

மேற்பார்வையாளர் கின்டவுதாஸ்
கடிகாரத்தைப் பார்த்தார்.
இறங்கி ஏற இருபத்தாறு நிமிடம்.
கப்பல் அங்கேயே நின்றது,
காத்திருப்பது கப்பல்களுக்குப் புதிதல்ல.
மூன்று வாரம் முறைத்தார்.
நான்காம் வாரம்
லிஃப்டைச் சரிபார்க்க ஆள் வந்தான்.
அவளுக்காக இல்லை,
நிமிடங்களுக்காக.

ஜனவரியில் ஹீட்டர் நின்றுபோய்
பாட்டிலுக்குள் பனிக்கட்டி.
நான்கு நாள் விட்டுப்போயிற்று.
ஐந்தாம் நாள்
பழைய பாக்கியை எண்ணாமல்
டக்.
ஒரே ஒரு மிடறு.

கை எப்போது தானாகப் போகத் தொடங்கியது என்று
கேட்டால் சொல்லத் தெரியாது.
வீட்டில் மேஜைமேல் தட்டு வைத்தாலும்
பக்கத்து வீட்டுக் கதவு சாத்தினாலும்
விரல்கள் மூடியைத் தேடின.
சிரித்துக்கொண்டாள்.

மார்ச்சில் அக்கா கணவரின் அடக்கம்.
பாதி உருகிய பனி, சேறு,
நான்கு பேர் கையில் கயிறு.
சாய்த்து இறக்குகிறார்கள், என்று
அவள் தொழில் மனம் முணுமுணுத்தது.
பிறகு கயிறுகள் தளர்ந்தன.
பெட்டி தரையைத் தொட்டது.

டக்.

எல்லாத் தலைகளும் குனிந்திருக்க
அவள் தொண்டை தானே திறந்துகொண்டது.
கை அதற்குள் பைக்குள் இருந்தது,
மூடி பாதி திருகியிருந்தது.
வெட்கத்தில் அப்படியே நின்றாள்,
பாட்டில் வெளியே தெரிய.

அக்கா பார்த்தாள்.
கை நீட்டினாள்.
மூன்று நாளாக எதுவும் இறங்காத தொண்டையில்
ஒரு மிடறு இறங்கும் சத்தம்
யொலீட்டாவுக்குக் கேட்டது.

இன்னொன்றுக்கும் நீட்டினாள்.
மூடியைத் தன் கோட்டுப் பையில்
போட்டுக்கொண்டாள்.