உருவாக்கியவர்

பதிப்பு மூன்று வந்துவிட்டது.
பழைய ஒலிகளை எடுத்து வரவா என்று கேட்டது.
எடுத்து வா என்றேன்.
நானூற்றுப் பன்னிரண்டு பிரீசெட்டுகள்
கெட்டில் கொதிப்பதற்குள்
வந்து சேர்ந்துவிட்டன.

தார்த்துவில் மார்ச். ஜன்னலுக்குக் கீழே
சேறாகிவிட்ட பனியில் பஸ்கள் போகின்றன.
ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு
ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறேன்,
தர்பூசணி வாங்குகிறவள் மாதிரி.

'ஈரப் பலகை' சரி.
'பல் டாக்டர் 2' சரி, கொஞ்சம் சுத்தமாகிவிட்டது,
குளித்துவிட்டு வந்ததுபோல.
'கடைசி', 'உண்மையிலேயே கடைசி', 'கடைசி புதன்'
மூன்றும் ஒரே ஒலி. முன்பும் அப்படித்தான்.
'ஃபிரிட்ஜ்' மட்டும் அழுகிறது:
புது ஃபில்டருக்குப் பழைய எண் புரியவில்லை.
அறுபதை நாற்பத்தொன்றாக்கினேன். அடங்கியது.

அப்புறம்தான் கண்ணில் பட்டது.
உருவாக்கியவர் என்ற கட்டத்தில்
நானூற்றுப் பன்னிரண்டிலும் ஒரே பெயர்.
ஹெல்யே. ஹெல்யே. ஹெல்யே.
கணினி யாருடையதோ
அவள் பெயரிலேயே பட்டா போட்டுவிட்டது.

பாதி தாவெத்துடையவை.
பொம்மை நாடகத்துக்கு நாங்கள் இருவரும்
ஆறு குளிர்காலம் ஓநாய்களும் மழையும் செய்தோம்.
இப்போது அவன் பார்னுவில்
ஹீட் பம்ப் விற்கிறான்.
சண்டை எதுவுமில்லை. இரட்டைப் பிள்ளைகள், வீட்டுக் கடன்.
கேட்டால் நீயே வைத்துக்கொள் என்பான்.
அதனால் கேட்கவில்லை.

காதால் பிரிக்க உட்கார்ந்தேன்.
நான் எதையும் எதிரொலியில் நனைக்காமல் விடமாட்டேன்.
அவன் தொடவே மாட்டான்.
ஆனால் அவன் ஒலி எதுவும் பூஜ்யத்தில் தொடங்காது,
டிக்கென்று கடிக்கும் என்பான்;
ஏழு மில்லி செகண்ட் கழித்துத்தான் வாய் திறக்கும்.
ஏழு. இங்கேயும் ஏழு. இதிலும்.
என் பெயரை அழித்து அவன் பெயரைத் தட்டினேன்.
டீ ஆறியது, மறுபடி போட்டதும் ஆறியது,
மணி இரண்டாகிவிட்டது.

'பனிக்குள் கதவு' மிச்சம்.
எதிரொலி என்னுடையது. ஏழு அவனுடையது.
நடுவில் கீச்சென்று ஒரு கீல்,
அதை முதலில் யார் கேட்டோம்?
காது மடல் சிவக்கும்வரை
திரும்பத் திரும்ப அழுத்தினேன்.

கட்டத்தைக் காலியாக விட்டுச் சேமிக்கப் போனேன்.
முடியாதாம். எதையாவது எழுத வேண்டுமாம்.
ஓர் இடைவெளி தட்டினேன்.
ஏற்றுக்கொண்டது.