ரசமட்டம்

டிசம்பரில் முன்பணம் கட்டியபோது
பாரெட்டும் இனெஸும் கணவன் மனைவி.
மார்ச்சில் இல்லை.
பணம் திரும்பாது என்று
பொடி எழுத்தில் போட்டிருந்தது.
ஆகவே நவம்பரில் நால்வரும் ஏறினோம்,
முப்பதடி நீள வீடு
அடியில் ஆறு சக்கரம்.

ஓட்டியது ஓடெல்.
டூசானில் பள்ளிப் பேருந்து ஓட்டியவன்,
பழக்கத்தில்
கண்ணாடியில் எங்களை எண்ணிக்கொண்டே வந்தான்.

முதல் வளைவிலேயே தெரிந்துவிட்டது,
தாழிடாத எதுவும் நம்முடையதில்லை.
கரண்டி இழுப்பறை திறந்து கொட்டியது.
ஒரு பீன்ஸ் டப்பா
அடுப்படியிலிருந்து புறப்பட்டு
படுக்கையறைவரை உருண்டு
இறக்கத்தில் திரும்பி வந்தது.
இனெஸ் தன் தலைமுடிப் பட்டையைக் கழற்றி
இழுப்பறைப் பிடியில் மாட்டினாள்.
பிறகு எழுநூறு மைல்
அவள் கூந்தல் ஜன்னலோரம் பறந்துகொண்டே வந்தது.
பாரெட் வரைபடத்தையே பார்த்து வந்தான்,
அதில் ஒரே சாலைதான் இருந்தது.

ஜோஷுவா மரங்களுக்கிடையே முதல் இரவு.
மேசையை இறக்கி மடித்தால் அதுதான் என் கட்டில்.
நாயை யார் வைத்துக்கொள்வது என்ற பேச்சு
அதன்மேல் இன்னும் நடந்துகொண்டிருந்தது.
பதினொன்றரைக்கு,
முடியாத பேச்சின்மேல்தான் படுத்தேன்,
முதுகில் ரொட்டித் துணுக்கு.

நீடில்ஸில் எரிவாயு நிரப்பிய பெண்ணின்
சட்டையில் வெர்லீன் என்று தைத்திருந்தது.
"எத்தனை பேர்?"
"நாலு."
"திரும்பும்போதும் நாலாக இருங்கள்," என்றாள்
எல்லோரிடமும் சொல்கிற குரலில்.
இருவர் வேறு வேறு பக்கம் பார்த்தார்கள்.

ஃபர்னஸ் க்ரீக்கில் கழிவுக் குழாய்.
காசு சுண்டினோம், தோற்றது நானும் பாரெட்டும்.
நான்கு பேரின் மூன்று நாள்
ஒரே குழாயில் இறங்கிப்போகிற சத்தம்.
கறுப்பு முடிந்ததும் சாம்பல்நிற நீர்,
பாத்திரம் கழுவியது.
அதில் எலுமிச்சை மணம்.
"இது அவள் வாங்கும் சோப்பு," என்றான் பாரெட்
கையுறையைக் கழற்றாமல்.

பேட்வாட்டரில் உப்பு,
கண்ணுக்கு எட்டியவரை உப்பு.
அண்ணாந்தால் பாறையின் நெற்றியில்
ஒரு சின்னப் பலகை: கடல் மட்டம்.
"இவ்வளவு நேரமும் தண்ணீருக்கடியில் நிற்கிறோம்," என்றான்.
இனெஸ் மூக்கைப் பிடித்துக்கொண்டாள்,
மூச்சை அடக்கவோ
சிரிப்பை அடக்கவோ.

அன்றிரவு சரிவான இடம்தான் கிடைத்தது.
வண்டி சமமாக நில்லாவிட்டால்
குளிர்பெட்டி முரண்டு பிடிக்கும்,
முட்டை உருளும்,
தூங்குகிறவன் தலைக்கு ரத்தம் இறங்கும்.
ஓடெல் பக்கத்து இருக்கையிலேயே தூங்கிப்போனான்.
சக்கரத்தடியில் பலகை வைத்து
டார்ச்சுடன் வெளியே இனெஸ்.
ஸ்டீயரிங்கில் பாரெட்.
உள்ளே ரசமட்டத்தைப் பார்த்துக்
குரல் கொடுக்க வேண்டியது நான்.

கொடுக்க வேண்டியிருக்கவில்லை.
வெளிச்சத்தை ஒருமுறை இடப்பக்கம் ஆட்டினாள்,
வண்டி கையகலம் ஏறியது.
பாதி ஆட்டினாள்,
பாதிக் கையகலம்.
அணைத்தாள். நின்றது.
பிஸ்பியின் செங்குத்துத் தெருவொன்றில்
பதினோரு வருடம் வண்டி நிறுத்தியவர்கள் அவர்கள்.

கண்ணாடிக்குள் குமிழ்
கொஞ்சம் தயங்கி
இரண்டு கோட்டுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தது.
"சரியா?"
என்னைத்தான் கேட்டான்.
"சரி," என்றேன்.

அவள் பின்னறையில் படுத்தாள்.
அவன் ஓட்டுநர் தலைக்கு மேலுள்ள பொந்தில்.
நடுவே நான், ஓடெலின் குறட்டை.
நள்ளிரவுக்குமேல் மணற்காற்று
வண்டியைப் பிடித்து உலுக்கியது.
இழுப்பறை, முடிப்பட்டை இழுபடும் மட்டும் திறந்து
தானாகவே மூடிக்கொண்டது.
திறந்தது. மூடியது.
யாரும் எழுந்து போகவில்லை.
யாரும் தூங்கவுமில்லை என்று நினைக்கிறேன்.

பீன்ஸ் டப்பா மட்டும்
வைத்த இடத்தில் விடியும்வரை நின்றது.
காலையில் அதைத் திறந்து
ஆளுக்கு நாலு கரண்டி தின்றோம்.