தாள் எண் பதினேழு

பழைய வரைபடத்தின்படி
நாங்கள் இப்போது
அறுபத்திரண்டு மீட்டர் பனிக்கு அடியில் உட்கார்ந்து
உப்பிட்ட பால்தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறோம்.

சொன்னேன். கல்மக்ஷோ சிரிக்கவில்லை.
ரொட்டியைப் பிய்த்துத் தேநீரில் போட்டான்.
அவனுடைய யாக் இரண்டும்
வெறுங்கல்லை முகர்ந்துகொண்டிருந்தன.

பனிமேல் ஓடும் சமஉயரக்கோட்டுக்கு நீலம்,
பாறைமேல் ஓடினால் பழுப்பு.
துஷான்பே அலுவலகத்தில் முதல் நாளே சொன்ன விதி.
ஒரே கோடுதான்,
பனியின் விளிம்பைக் கடக்கையில்
நிறம் மாறும், உயரம் மாறாது.
விளிம்பே எழுந்து நடந்துவிட்டால் என்ன செய்வதென்று
அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, நானும்தான்.

எழுபத்தொன்றில் இந்தத் தாளை வரைந்தவன்
ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறான்:
'மூன்று நாள் மூட்டம். கிழக்குக் கிளை, கண்ணால் மட்டும்.'
கண்ணால் மட்டும் பார்த்ததைப்
புள்ளிக்கோடாகவே விட்டுவைத்த நேர்மைக்காரன்.
கையெழுத்துதான் வாசிக்க வரவில்லை.
அவன் முக்காலி ஊன்றிய இடம்
என் தலைக்கு மேலே
ஒரு பிணந்தின்னிக் கழுகு குறுக்கே போகிற உயரத்தில்
காற்றாக இருக்கிறது.

படிவத்தில் ஒரு கட்டம்: உள்ளூர்ப் பெயர்.
"இந்தப் பனியாற்றை எப்படிக் கூப்பிடுவீர்கள்?"
"கூப்பிட்டால் வருமா?"
ஆனால் கீழேயிருந்து ஏறிவந்த வழியில்
கல்லுக்குக் கல் பெயர் வைத்திருந்தான்:
மாவு சிந்திய திருப்பம்,
அண்ணன் தம்பி பேசாமல் கடந்த கணவாய்,
மருமகள் செருப்பு.
எல்லாம் எழுதிக்கொண்டேன்.
தாளில் இடம் இருப்பது
மருமகள் செருப்புக்கு மட்டும்.

இரவில் பேட்டரிகளை வயிற்றோடு அணைத்துத் தூங்கினேன்.
குளிரில் அவைதான் முதலில் சாகும்.

ஐந்தாம் நாள்
கற்குவியலின் முதுகில் ஏறி நின்றோம்.
அந்தப் பக்கம் ஓர் ஏரி.
பால் கலந்த பச்சை. அசைவில்லை.
"இது உன் தாளில் இருக்கிறதா?"
"இல்லை. இனி இருக்கும்."
"நவ்பகோர் வீடு? என் அக்கா வீடு?"

பார்தாங் ஆறு வளையும் இடத்தில்
கறுப்பு மையில் ஒரு சின்னச் சதுரத்தைக் காட்டினேன்.
மண்டியிட்டுத் தாளின்மேல் கை வைத்தான்,
சுண்டுவிரல் அக்காவின் கூரையில்,
கட்டைவிரல் தண்ணீரில்.
முழுச் சாண் விரிக்க வேண்டியிருக்கவில்லை.

அன்று மாலை கரையைச் சுற்றி நடந்து அளந்து
ஏரிக்கு நீலம் தீட்டத் தொடங்கினேன்.
கல்மக்ஷோ பக்கத்திலேயே குந்தியிருந்தான்,
ஒன்றும் சொல்லாமல்,
கொஞ்சம் சின்னதாகப் போடேன் என்பதுபோல.