பதினேழாம் இதழ்

ஆறு தொடர், நூற்றுப்பன்னிரண்டு இதழ்,
எல்லாம் வந்து முடிந்தது ஒரே வெடியில்.
"செத்தவனை எழுப்பிட்டான், ஏமாத்து வேலை"
தாராவி தொண்ணூறடி ரோட்டில்
கட்டிங் ஆற ஆறக் கத்துகிறான் இருதயராஜ்.
வில்லன் சொன்னதுதான் நியாயம் என்கிறாள் மெஹருன்னிசா.
அழுதேன் என்று மட்டும் சொல்லிவிட்டு
காசு கொடுக்கப் போகிறான் பொன்னுரங்கம்.

எனக்கு ஒரே கேள்வி.
மூன்றாம் தொடர், பதினேழாம் இதழ்,
பாலத்து விளிம்பில் ஒற்றைக் கையால் தொங்கினாளே
அந்த மீன்காரி மகள்?
"தொடரும்" என்று போட்டார்கள்.
தொடரவில்லை.
உலகத்தைக் காப்பாற்றியவர்கள் அங்கி பறக்க
கடைசிப் பக்கம் முழுக்க நிற்கிறார்கள்.

"சைடு கேரக்டர்தானே, விடு."

மாஹிம் கழிமுகத்தை ரயில் கடக்கும்போது
கதவோரம் நின்று குனிந்து பார்க்கிறேன்,
தினமும்.
விட்டிருக்க மாட்டாள்.