நேர அட்டவணையில் இல்லாத நிறுத்தம்

கிழமைக்கு ஐந்து நாள்
லாரன்ஸ் வீதியில் பஸ் ஓட்டுகிறேன்,
கிழக்கே போய், மேற்கே வந்து.
ஆறாம் நாள் காலை
ரூஜ் பள்ளத்தாக்கில் நடக்கப் போகிறேன்:
பன்னிரண்டு பேர், ஒரு தெர்மோஸ் கோப்பி,
கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கும் கத்தரீனா.

ஜூன் மாதம். இரவு பெய்த மழையில் பாதை
சப்பாத்தைப் பிடித்து, யோசித்து, விடுகிறது.
நாணலுக்குள்ளிருந்து
தோளில் சிவப்புப் பட்டி போட்ட கருங்குருவி எழும்பி
ரொடெல்லியோவின் தொப்பியில் இரண்டு முறை கொத்தியது.
கூடு கிட்டத்தான், மன்னிப்புக் கேளுங்கள் என்றாள் கத்தரீனா.
கேட்டார்.
தொப்பியை மட்டும் கழற்றவில்லை.

மூன்றிலை மினுங்கினால் கை வைக்காதே
என்பது இங்கே முதல் பாடம்.
நான் அதைப் படித்த விதம் வேறு:
போன வருடம் வில்வம் என்று நினைத்துத் தடவிவிட்டு
முழங்கை வரை கொப்புளத்தோடு
இரண்டு கிழமை ஸ்டியரிங் பிடித்தேன்.
பயணிகள் சில்லறையை
தூரத்தில் நின்றே போட்டார்கள்.

வேலியோரம் ஒரு தண்டு முறிந்து கிடந்தது.
வெள்ளையாய்ப் பால்.
எருக்கு! என்று நான் கத்தியதில்
மரங்கொத்தி தட்டுவதை நிறுத்தியது.
இல்லை, ஆனால் ஒரே குடும்பம்தான் என்றாள் அவள்.
இலைக்கடியில் ஒரு புழு,
மஞ்சள், கறுப்பு, வெள்ளை வரி.
எங்கள் வளவு எருக்கில் இருந்ததும்
ஏறக்குறைய இதே சட்டைதான் போட்டிருந்தது.
அதே கசப்பைத் தின்று
அதே துணிவில் வெயிலில் கிடந்தது.

அடுத்த திருப்பத்தில் ஒரு கொடி,
எல்லாச் செடியின் கழுத்தையும் நெரித்துக்கொண்டு.
இதுவும் எருக்குக்குச் சொந்தமாம்.
வண்ணத்துப்பூச்சி நம்பி முட்டையிடும்,
பொரித்த புழு பட்டினியில் சாகும்.
கடல் தாண்டி வந்தது, இந்த மண்ணுக்குரியது அல்ல
என்று சொல்லிவிட்டுக் கத்தரீனா
என்னைப் பார்த்தாள். சிவந்தாள்.
நான் குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தேன்.
வேர் வர மறுத்தது.
இன்னொரு பையைத் தாருங்கள் என்றேன்.

பிறகுதான் அந்த வளைவு.
சேறும் பாசியும் அப்பிய கடியாமை ஒன்று,
சில்லு மூடி அளவு ஓடு,
வாலில் முதலை முள்,
வீதியின் மஞ்சள் கோட்டில் நின்று
மூச்சு வாங்கியது.
மேட்டிலிருந்து ஒரு கார்.

பதினொரு வருடமாய்
இருக்கையில் இருந்தபடி மற்றவரை நிறுத்தியவள் நான்.
முதல் முறையாய் என் இரண்டு காலில் போய்
தார் நடுவில் நின்று கையை நீட்டினேன்.
ஹோர்ன் அடித்தான். எனக்கு அவசரம் என்றான்.
எல்லோருக்கும்தான், தம்பி.
ஏழு நிமிடம். பின்னால் ஆறு வண்டி.
ஆமைக்கு எவரிடமும் மாற்றுச் சீட்டுக் கேட்கவேண்டி இருக்கவில்லை.

ஓரத்துச் சரளையில் திரும்பி,
பின்னங்கால் ஒவ்வொன்றாய்
ஒரு கரண்டி மண், இன்னொரு கரண்டி மண்.
தான் போடுவதைத் தானே பார்க்காமல்
காட்டைப் பார்த்துக்கொண்டு போட்டது
மேசைப்பந்து போன்ற முட்டைகளை.
நான் முப்பத்தொன்று எண்ணினேன்.
கத்தரீனா முப்பத்துமூன்று.
அந்தக் காரோட்டி இறங்கி வந்து
ஒன்றும் எண்ணாமல் நின்றான்.

அடுத்த சனி
குழி திறந்து கிடந்தது.
ரக்கூனின் விரல் தடங்கள், பிள்ளைக் கைபோல.
காய்ந்து சுருண்ட முட்டைத்தோல்
துருவ மறந்த தேங்காய்ச் சொட்டாய்ச் சிதறி.
அடியில் ஏதும் மீதி உண்டா என்று
ஒருவரும் கிண்டிப் பார்க்கவில்லை.
ரொடெல்லியோ சப்பாத்து நுனியால்
கொஞ்சம் மண் தள்ளி மூடினார்.
தொப்பி இன்று கையில் இருந்தது.
கோப்பி ஆறும் வரை நின்றோம்.
அதுவும் சாப்பிடத்தானே வேண்டும் என்றார் யாரோ.
உண்மைதான்.
அதற்காக அவரோடு
திரும்பும் வழியில் நான் பேசவில்லை.

திங்கள், காலை ஆறு நாற்பது.
பாலத்துக்குக் கிட்ட
வீதி நடுவில் கறுப்பாய் ஏதோ.
கால் தானாய்ப் பிரேக்குக்குப் போனது.
நின்றுகொண்டிருந்த நாலு பேர்
ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்தார்கள்.
யாருடையதோ கையுறை.

தெரிந்த பிறகும்
அதைச் சுற்றித்தான் போனேன்.