ஒரு ஆள் அகலம்

சித்திரை பிறந்ததும் தடைக்காலம்.
பாம்பன் தெற்குவாடியில் விசைப்படகைக் கட்டிவிட்டு
அறுபத்தொரு ராத்திரிக்கு வீடு வந்தார் இன்னாசி.
படுக்க இடமில்லை.

பத்துக்குப் பன்னிரண்டு அறை.
பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள்கள் இரண்டு,
பிள்ளைகள் இரண்டு, ஐஸ்பெட்டி, நான்.

வெல்டிங் பட்டறை ரூபர்ட்
உடைந்த வள்ளத்துக் கம்பியை வளைத்துக் கொக்கி செய்தான்.
ரிம் கீறாமலிருக்க
டீசல் குழாயை அறுத்து அதில் மாட்டினான்.
"ஓட்டைக்கு ஐம்பது" என்றாள் வீட்டுக்காரம்மா,
சுவரைத் தட்டிப் பார்த்து.

முன்சக்கரம் மேலே, பின்சக்கரம் கீழே.
எடைபோடத் தூக்கிய மாவுலா மாதிரி
இரண்டும் தொங்கின.
ஹேண்டில்பார் இடிக்குமென்று
சின்னவளுடையதை ஒரு முழம் இறக்கி மாட்டினோம்.
அதில் அவளுக்குக் கோபம்.

மிஞ்சிய தரையில் மல்லாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:
"அணியத்தைவிட ஒரு சாண் கூட."

தூக்கத்தில் அவர் கால் பட்டால்
பின்சக்கரம் சுற்றும்.
டிக் டிக் டிக்.
முதல் வாரம் எரிச்சலாக இருந்தது.

ஆனி முதல் தேதி படகுகள் போய்விட்டன.
"இனிக் கீழேயே நிறுத்தலாமேம்மா,
தினமும் யார் தூக்குறது?" என்றாள் பெரியவள்.
"தூக்கி மாட்டு" என்றேன்.

பிள்ளைகள் உறங்கியபின்
காலை நீட்டி
சக்கரத்தை ஒரு எத்து எத்தினேன்.