பிழியும்போது மட்டும்

துவைக்கும்போது ஒன்றுமில்லை.
பிழியும்போது மட்டும்
தொப்பூர் கணவாயில் லாரி பிரேக் பிடிக்கிற சத்தம்.
குளியலறையிலிருந்து கூடம்வரை
நடந்தே வந்துவிடுகிறது.

கால் நான்கையும் மட்டம் பார்த்தேன்.
வடிகட்டியைத் திருகி எடுத்தால்
ஓர் ஊக்கு, மாங்கூழ் கம்பெனி டோக்கன்,
போன சம்பளத்தில் தொலைந்த
ஐம்பது ரூபாயில் கால்வாசி.
சத்தம் போகவில்லை.

காவேரிப்பட்டணத்திலிருந்து இம்தியாஸ் வந்தார்.
டிரம்மைக் கையால் ஒரு சுற்று,
காதை வைத்தார், உதட்டைப் பிதுக்கினார்.
"பேரிங் போச்சுக்கா. பின்னால ஸ்பைடரும் அரிச்சிருக்கு.
போர் தண்ணிதானே?"
ஹீட்டரை உருவிக் காட்டினார்,
கம்பி தெரியவில்லை, சுண்ணாம்புதான்.

"ஆறாயிரம் ஆகும். புதுசு இருபத்தி நாலு.
பாதிக்கு மேல செலவு வந்தா மாத்திருங்கன்னு சொல்வேன்.
இது பாதி இல்ல.
ஆனா வயசு பதினொண்ணு."
அதற்குமேல் அவர் சொல்லவில்லை.
பார்த்த கூலி இருநூறு.

மாங்கா சீசன் முடியட்டும் என்றேன்.
அதுவரை
பிழியத் தொடங்குமுன் பட்டனை அணைத்து,
கம்பெனிச் சேலையின் ஒரு முனையைக்
கதவிடுக்கில் கொடுத்துச் சாத்தி
மறுமுனையை முறுக்குகிறேன்.

விடாமல் பிடித்துக்கொள்கிறது.
அதில் மட்டும்
ஒரு பழுதும் இல்லை.